2.34 சதவீதம், மூன்றில் ஒரு பங்கு

ஜிப்சத்தில் ஹைட்ரஜன் எடைக்கு எடை 2.34 சதவீதம்தான். நூறு கிராம் கட்டியில் இரண்டே கால் கிராமும் கொஞ்சமும். ஆனால் அதே கட்டியில் இருக்கிற அணுக்களை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தால், மூன்றில் ஒன்று ஹைட்ரஜனாக இருக்கும். ப்ளஸ் ஒன் வேதியியலில் எளிய விகித வாய்ப்பாடு, அதாவது ஒரு பொருளில் எந்த அணு எத்தனைக்கு எத்தனை என்று சின்ன முழு எண்களில் சொல்வது, என்று வருகிற பாடம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. எடை தெரிகிறது, எண்ணிக்கை வேண்டும். இங்கிருந்து அங்கே எப்படிப் போவது? பாடப்புத்தகம் அதற்கு ஓர் அட்டவணையைக் கொடுத்துவிடுகிறது. பிள்ளைகள் அட்டவணையை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். கேள்வி அப்படியே நிற்கிறது.

ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கம் பக்கத்தில் ஒரு கடலோர ஊரில், சாயங்காலம் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக் கொடுக்கிறேன். எங்கள் வீட்டு முன் அறையும் திண்ணையும்தான் வகுப்பு. வருகிற பிள்ளைகள் வீட்டில் ஒன்று கடல் தொழில், இல்லையென்றால் உப்பளம். சிலருடைய அம்மாக்கள் பாசி எடுக்கப் போகிறவர்கள். நீட் எழுத வேண்டும் என்று வருகிறவர்களும் உண்டு, பாஸ் ஆனால் போதும் என்று வருகிறவர்களும் உண்டு. ரெண்டு பேரும் இந்தப் பாடத்தில் ஒரே இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். சதவீதத்தை அணு நிறையால் வகு என்றால் மளமளவென்று வகுக்கிறார்கள். எதற்கு வகுக்கிறோம் என்று கேட்டால் சத்தமே இருக்காது.

மீன் ஏலம் நடக்கிற ஊரில் அதை விளக்குவது சுலபம். ஒரு படகில் நெத்திலி ஐம்பது கிலோ, சீலா ஐம்பது கிலோ வந்து இறங்கினால், நெத்திலியும் சீலாவும் எண்ணிக்கையில் சரிபாதி என்று இங்கே சின்னப் பிள்ளைகூடச் சொல்லாது. எத்தனை உருப்படி என்று தெரிய வேண்டுமானால், ஒரு நெத்திலி என்ன எடை, ஒரு சீலா என்ன எடை என்று தெரிந்து அதால் வகுக்க வேண்டும். அணு நிறையால் வகுப்பதும் அதுதான். மோல் என்பது டஜன் மாதிரி, அணுக்களை எண்ண வைத்திருக்கிற ஒரு பெரிய எண்ணிக்கை. ஒரு மோல் ஹைட்ரஜன் அணுக்கள் 1.008 கிராம், ஒரு மோல் கால்சியம் 40.08 கிராம். எடையில் நாற்பது மடங்கு வித்தியாசம் இருந்தும் இரண்டிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே.

இப்போது ஜிப்சத்தைப் போட்டுப் பார்க்கலாம். கால்சியம் 23.28 சதவீதம், கந்தகம் 18.62, ஆக்சிஜன் 55.76, ஹைட்ரஜன் 2.34. நூறு கிராம் எடுத்துக்கொண்டதாக வைத்தால் சதவீதம் அப்படியே கிராம் ஆகிவிடும். கால்சியம் 23.28-ஐ 40.08-ஆல் வகுத்தால் 0.581 மோல். கந்தகம் 18.62-ஐ 32.06-ஆல் வகுத்தால் அதுவும் 0.581. ஆக்சிஜன் 55.76-ஐ 16-ஆல் வகுத்தால் 3.485. ஹைட்ரஜன் 2.34-ஐ 1.008-ஆல் வகுத்தால் 2.321. எல்லாவற்றையும் இருப்பதிலேயே சின்ன எண்ணான 0.581-ஆல் வகுத்தால், கால்சியம் 1, கந்தகம் 1, ஆக்சிஜன் 6, ஹைட்ரஜன் 4. மொத்தம் பன்னிரண்டு அணுக்கள், அதில் நான்கு ஹைட்ரஜன். எடையில் கடைசியில் இருந்தது எண்ணிக்கையில் இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது.

ஜிப்சத்தை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், எங்கள் பக்கத்தில் அது காலில் இடறுகிற பொருள். 1974-ல் தொடங்கிய தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளங்கள் மாரியூர், வாலிநோக்கம் பக்கம்தான் விரிந்து கிடக்கின்றன. தனியார் அளங்களும் உண்டு. கடல் தண்ணீர் உள்ளே வரும்போது மூன்று, மூன்றரை டிகிரி போமே அடர்த்தியில் இருக்கும். போமே என்பது உப்புத் தண்ணீர் எவ்வளவு அடர்த்தி என்று அளக்கிற அளவு. பாத்தி பாத்தியாக வெயிலில் காய்ந்து நகரும்போது முதலில் சுண்ணாம்புச் சத்து கால்சியம் கார்பனேட்டாகக் கீழே தங்கும். பதின்மூன்று, பதினைந்து டிகிரி தாண்டினால் ஜிப்சம் படிய ஆரம்பிக்கும். இருபத்தைந்தைத் தொட்டால்தான் சாப்பாட்டு உப்பு. அதாவது உப்பு விளைகிற பாத்திக்கு முந்தைய பாத்திகளில் ஜிப்சம் தட்டைத் தட்டையாகப் படிந்து கிடக்கும்.

என்னிடம் படிக்கிற ஒரு பெண்ணின் அப்பா அளத்தில் வேலை பார்க்கிறவர். ஒருநாள் சாக்குப் பையில் கொஞ்சம் கொண்டுவந்து திண்ணையில் கொட்டினார். "பாக்க உப்பு மாதிரிதான் இருக்கும் டீச்சர். நாக்குல வச்சுப் பாருங்க, கரிக்காது. இது படிஞ்ச பிறவுதான் உப்பு இறங்கும். சிமெண்ட்டுக்காரங்க வாங்கிக்குவாங்க" என்றார். சிமெண்ட் தண்ணீர் பட்டதும் சட்டென்று இறுகிவிடாமல் இருக்க ஜிப்சம் கலக்கிறார்கள். அவருக்கு அது தெரிந்திருந்தது. பிளஸ் டூ வரை படித்த பலருக்குத் தெரியாது.

அந்தச் சாக்கிலிருந்து எடுத்ததை வைத்துத்தான் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை செய்து காட்டினேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

அட்டவணை கொடுத்த விடையில் ஒரு குறை இருக்கிறது. கால்சியம் 1, கந்தகம் 1, ஆக்சிஜன் 6, ஹைட்ரஜன் 4 என்று சொல்கிறதே தவிர, அந்த ஆறு ஆக்சிஜனில் எது கந்தகத்தோடு சேர்ந்து சல்பேட்டாக இருக்கிறது, எது தண்ணீரோடு இருக்கிறது என்று சொல்லவில்லை. தண்ணீர் உள்ளே இருக்கிறதா என்பதையே சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ளச் சூடுபடுத்த வேண்டும்.

முதலில் பொடித்து நல்ல தண்ணீரில் பல முறை அலசினோம். ஜிப்சம் ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கிராம் சொச்சம்தான் கரையும். உப்போ முந்நூறு கிராமுக்கு மேல் கரையும். அதனால் அலசினால் உப்பு போய்விடும், ஜிப்சம் பெரும்பாலும் தங்கிவிடும். அலசின தண்ணீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தோம். வெள்ளையாகக் கலங்கினால் இன்னும் உப்பு இருக்கிறது என்று அர்த்தம். கலங்காமல் நிற்கிற வரை அலசி, வெயிலில் உலர்த்தினோம். வெயிலில் மேலே ஒட்டியிருக்கிற ஈரம் போகும். படிகத்துக்குள் கட்டுண்ட தண்ணீர் போகாது.

நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற சின்ன டிஜிட்டல் தராசு, 0.01 கிராம் வரை காட்டும். அதில் சரியாக 10.00 கிராம். ஏன் ஒரு கிராம் எடுக்காமல் பத்து கிராம் எடுத்தோம் என்பதும் பாடம்தான். ஒரு கிராமில் எடைக்குறைவு 0.21 கிராம் அளவில்தான் இருக்கும், அதில் தராசு 0.01 தள்ளிக் காட்டினாலே விடை ஐந்து சதவீதம் நகர்ந்துவிடும். பத்து கிராமில் அதே 0.01 ஒன்றும் செய்யாது.

பீங்கான் கிண்ணத்தில் போட்டுச் சூடுபடுத்தினோம். மேலே ஒரு குளிர்ந்த கண்ணாடித் தட்டைக் காட்டியபோது அதில் பனித்தது. கல்லுக்குள்ளிருந்து தண்ணீர் வருகிறதைப் பார்த்த முகங்களை நான் மறக்க மாட்டேன். கொஞ்ச நேரத்தில் பனிப்பது குறைந்தது. போதும் டீச்சர், இறக்கிடலாம் என்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆறவைத்து எடை போட்டால் 8.43 கிராம்.

சரி, கணக்குப் போடுங்கள் என்றேன். போன தண்ணீர் 1.57 கிராம், அதை ஒரு மோல் தண்ணீரின் எடையான 18-ஆல் வகுத்தால் 0.0872 மோல். மிச்சம் இருப்பது கால்சியம் சல்பேட் என்று வைத்து 8.43-ஐ அதன் ஒரு மோலின் எடையான 136.1-ஆல் வகுத்தால் 0.0619 மோல். விகிதம் 1.41. உடனே ஒரு பையன், "ஒன்றரை டீச்சர், ரெண்டால பெருக்கினா ரெண்டுக்கு மூணு" என்றான். பாடப்புத்தகப் பழக்கம் அது. பின்னமாக வந்தால் பெருக்கி முழு எண் ஆக்கு. 1.41-ஐ 1.5 என்று தள்ளிவிட்டால் விடை கிடைத்துவிடும், அழகாகவும் இருக்கும்.

ஆனால் 1.41 என்பது 1.5 இல்லை. ஆறு சதவீதம் விலகி இருக்கிறது. இந்தத் தராசில் பத்து கிராம் வைத்துச் செய்த அளவுக்கு அந்த விலகலை மன்னிக்க முடியாது. எண் முழுசாக வரவில்லை என்றால், நம் எடுகோள் ஒன்று தப்பாக இருக்கலாம். இங்கே எடுகோள், கிண்ணத்தில் மிச்சம் இருப்பது தண்ணீரே இல்லாத கால்சியம் சல்பேட் என்பது.

திரும்ப அடுப்பில் ஏற்றினோம். இந்தத் தடவை தீயைக் கூட்டி. 8.05 வந்தது. அப்புறம் 7.97, அப்புறம் 7.96, மறுபடியும் 7.96. எடை நகராமல் நின்ற பிறகுதான் நிறுத்தினோம். போன தண்ணீர் 2.04 கிராம், 0.1133 மோல். மிச்சம் 7.96 கிராம், 0.0585 மோல். விகிதம் 1.94.

முதலில் வந்த 8.43 என்ன பொருள்? ஜிப்சம் தண்ணீரை ஒரே மூச்சில் விடாது. 150 டிகிரி செல்சியஸ் அளவில் தன் தண்ணீரில் முக்கால் பங்கை மட்டும் விட்டுவிட்டு, ஒரு கால்சியம் சல்பேட்டுக்கு அரை நீர் மூலக்கூறு என்று நிற்கும். அப்படி நின்றால் பத்து கிராமுக்கு மிச்சம் 8.43 கிராம் இருக்க வேண்டும். அதுதான் பாரிஸ் சாந்து, மாவுக்கட்டு போடுகிற பொடி. இன்னொரு கிண்ணத்தில் அதே அளவு சூட்டோடு இறக்கி வைத்ததில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து வைத்தோம். வகுப்பு முடிவதற்குள் கட்டியாக இறுகிவிட்டது. போன வருஷம் கையில் மாவுக்கட்டு போட்டிருந்த பையன் அதைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

1.94-ஐ 2 என்று எடுக்கலாமா? எடுக்கலாம், ஆனால் காரணம் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். அளத்து ஜிப்சத்தில் கொஞ்சம் களிமண் ஒட்டியிருக்கும். களிமண் சூட்டில் பெரிதாக எடை குறையாது, கிண்ணத்தில் மிச்சமாகவே நிற்கும், அதை நாம் கால்சியம் சல்பேட் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். அதனால் விகிதம் 2-க்குக் கீழேதான் போகும். சரியாகக் காயாமல் ஈரம் ஒட்டியிருந்தால் 2-க்கு மேலே போகும். ஆறும்போதும் கவனம் வேண்டும். தண்ணீர் முழுக்கப் போன பொடி கடற்கரைக் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் கால்சியம் குளோரைடு போட்டு அதற்குள்தான் ஆறவைத்தோம். பிழை எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்தால், 1.94-க்கும் 2-க்கும் நடுவில் இருக்கிற இடைவெளி பயமுறுத்தாது. தெரியாவிட்டால் 1.99 வந்தாலும் நம்ப முடியாது. மார்க் போடுகிறவர்கள் இதைக் கேட்பதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

சோதனை முடிந்து கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தபோது அந்த அளத்துக்காரர் மகள் கேட்டாள்: "அணு நிறையால வகுக்கிறோம், சரி. அந்த அணு நிறையை யாரு எடை போட்டுப் பாத்தா டீச்சர்?" இந்தப் பாடத்தில் கேட்கக்கூடிய ஆகச் சிறந்த கேள்வி இதுதான். யாரும் தனி அணுவைத் தராசில் வைக்கவில்லை. தண்ணீரில் எடைக்கு எடை ஹைட்ரஜன் ஒரு பங்கு, ஆக்சிஜன் எட்டுப் பங்கு. இதிலிருந்து வாய்ப்பாடு வேண்டுமானால் ஆக்சிஜன் அணு ஹைட்ரஜனைவிட எத்தனை மடங்கு கனம் என்று தெரிய வேண்டும். அது தெரிய வேண்டுமானால் வாய்ப்பாடு தெரிய வேண்டும். சுற்றிச் சுற்றி அதே இடம்.

ஜான் டால்டன் 1808-ல் அணுக்கொள்கையை நூலாக வெளியிட்டபோது தண்ணீரை ஹைட்ரஜன் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று என்றுதான் எடுத்துக்கொண்டார். இரண்டு தனிமங்களுக்கு நடுவில் ஒரே ஒரு சேர்மம் தெரிந்திருந்தால், எளிமையானதையே எடுத்துக்கொள் என்பது அவர் விதி. அந்தக் கால அளவீடுகளை வைத்து ஆக்சிஜனின் அணு நிறை 7 என்று போட்டார். அளவீடு திருந்தியிருந்தாலும் 8-தான் வந்திருக்கும், 16 வந்திருக்காது. அதே சமயத்தில் கே-லூசாக், இரண்டு பருமன் ஹைட்ரஜனும் ஒரு பருமன் ஆக்சிஜனும் சேர்ந்துதான் நீராவி ஆகிறது என்று காட்டினார். சம பருமன் வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் இருக்கும் என்று 1811-ல் அவகாட்ரோ சொன்னதும் முடிச்சு அவிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் கன்னிசாரோ 1858-ல் அதை எடுத்து வரிசையாக எழுதி, 1860-ல் கார்ல்ஸ்ரூ மாநாட்டில் வேதியியலாளர்கள் முன் வைக்கும் வரை அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிற அணு நிறைப் பட்டியலுக்குப் பின்னால் இவ்வளவு பாடு இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது, "அப்ப அதுவரைக்கும் எல்லாரும் எச் ஓ-ன்னுதான் எழுதினாங்களா?" என்றாள். பல பேர் அப்படித்தான் எழுதினார்கள்.

அட்டவணையில் இன்னொரு பள்ளம், கணக்கின் நடுவிலேயே எண்ணை முழு எண்ணாகத் தள்ளிவிடுவது. நீட்டில் கால்குலேட்டர் கிடையாது, அதனால் தசமத்தைப் பார்த்தாலே தள்ளிவிடத் தோன்றும். வைட்டமின் சி-யை எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் 40.92, ஹைட்ரஜன் 4.58, ஆக்சிஜன் 54.50 சதவீதம். 12, 1, 16 என்று வகுத்தால் 3.41, 4.58, 3.41. இந்த இடத்தில் முழு எண்ணாகத் தள்ளினால் 3, 5, 3. பார்க்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! தள்ளாமல் 3.41-ஆல் வகுத்தால் 1, 1.34, 1. மூன்றால் பெருக்கினால் 3, 4, 3. சரியான விடை இது. தப்பான விடைக்கும் இதற்கும் ஒரே ஒரு ஹைட்ரஜன்தான் வித்தியாசம் என்பதால்தான் அந்தத் தப்பு கண்ணுக்குப் படுவதில்லை. நான் பிள்ளைகளிடம் வற்புறுத்துவது ஒன்றுதான்: விடையைத் திருப்பிப் போட்டுப் பார். 3, 5, 3-இல் ஹைட்ரஜன் 5.66 சதவீதம் வரும். கேள்வியில் இருப்பது 4.58. கார்பனை மட்டும் சரிபார்த்தால் 40.45 வந்து ஏமாற்றிவிடும், ஹைட்ரஜன் ஏமாற்றாது. 1.33, 1.5, 1.25 என்பவை மூன்றில் ஒன்று, இரண்டில் ஒன்று, நான்கில் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிற எண்கள். அவற்றை ஒன்றாக்கிவிடக் கூடாது.

அந்த 40.92-ம் 4.58-ம் எப்படி வந்தன என்றால், எரித்து வந்தவை. 0.2000 கிராம் வைட்டமின் சி-யை ஆக்சிஜனில் முழுக்க எரித்தால் 0.2999 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 0.0818 கிராம் தண்ணீரும் வரும். கால்சியம் குளோரைடு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் எவ்வளவு எடை கூடின என்று பார்த்தால் கார்பனும் ஹைட்ரஜனும் தெரிந்துவிடும். ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் 1831-ல் இதற்கென்று ஐந்து குமிழ் வைத்த ஒரு கண்ணாடிக் கருவியே செய்தார். ஆக்சிஜனை நேராக அளக்கவில்லை, நூறிலிருந்து கழித்ததுதான். ஆக மற்ற இரண்டிலும் நடந்த பிழையெல்லாம் ஆக்சிஜன் தலையில் வந்து விழும்.

3, 4, 3 என்ற இந்த விடையில் இன்னொரு சேதி இருக்கிறது, எங்கள் கடற்கரைக்கு நெருக்கமான சேதி. பாசி எடுக்கிறவர்கள் கட்டக்கோரை என்று சொல்கிற பழுப்புப் பாசியிலிருந்து அல்ஜினிக் அமிலம் எடுக்கிறார்கள். ஐஸ்கிரீமில் போடுகிற, துணிக்குச் சாயம் அச்சடிக்கப் பயன்படுகிற, பல் வைத்தியர் அச்சு எடுக்கிற அதே அல்ஜினேட்டின் மூலம். அதன் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியிலும் கார்பன் 6, ஹைட்ரஜன் 8, ஆக்சிஜன் 6. வைட்டமின் சி-யின் மூலக்கூறிலும் கார்பன் 6, ஹைட்ரஜன் 8, ஆக்சிஜன் 6. சர்க்கரை நம் உடம்பில் உடையும்போது வருகிற பைருவிக் அமிலத்தில் 3, 4, 3. எரித்துப் பார்த்தால் மூன்றும் ஒரே சதவீதத்தைத்தான் காட்டும். எளிய விகித வாய்ப்பாடு இவற்றைப் பிரித்துச் சொல்லாது. மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் எடை, தெரிந்தால் கொஞ்சம் பிரியும்: 88 என்றால் பைருவிக் அமிலம், 176 என்றால் வைட்டமின் சி, பல்லாயிரக்கணக்கில் போனால் அல்ஜினிக் அமிலம். அதற்கு மேல், எந்த அணு எதோடு கைகோத்திருக்கிறது என்பதற்கு வேறு சோதனைகள் வேண்டும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அம்மா பறித்து வருகிற பாசியின் அமிலத்துக்கும் நெல்லிக்காயில் இருக்கிற வைட்டமின் சி-க்கும் ஒரே விகிதம் என்று கேட்டதும், வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு பிள்ளை நோட்டில் எழுதிக்கொண்டது.

அடுத்து எப்சம் உப்பு, அதாவது தண்ணீரோடு சேர்ந்த மெக்னீசியம் சல்பேட். சாப்பாட்டு உப்பை வாரிய பிறகு பாத்தியில் நிற்கிற கசப்புத் தண்ணீரில் மெக்னீசியம் நிறைய இருக்கும். ஆனால் அதில் வேறு உப்புகளும் கலந்திருப்பதால் நேராக அதிலிருந்து செய்யப் போவதில்லை, மருந்துக்கடையில் கிடைக்கிற சுத்தமான எப்சம் உப்பையே எடுக்கப் போகிறோம். செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒன்று: அதில் தண்ணீர் மிக அதிகம், சூடானதும் தன் தண்ணீரிலேயே உருகித் தெறிக்கும். தீயைக் குறைத்து, கிண்ணத்தை மூடி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். அதற்கு முன்னால் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். மெக்னீசியம் 9.86, கந்தகம் 13.01, ஆக்சிஜன் 71.40, ஹைட்ரஜன் 5.73 சதவீதம், அணு நிறைகள் 24.3, 32.06, 16, 1.008. சூடுபடுத்தினால் எடையில் 51.2 சதவீதம் போகும். ஒரு மெக்னீசியம் சல்பேட்டுக்கு எத்தனை நீர் மூலக்கூறு என்று இரண்டு வழியிலும் கண்டுபிடித்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று எனக்கு எழுதுங்கள்.